பல்லைப் பார்த்து வயது சொன்ன கதை

"தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்று ஒரு பழமொழி உண்டு. சரி, காசு கொடுத்து வாங்குகிற மாட்டை? கட்டாயம் பார்க்க வேண்டும்! திருப்பூர் மாவட்டத்தில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்கு இது தெரியும். காங்கேயம் காளையின் வாயைத் திறந்து பார்க்காமல் எந்த வியாபாரியும் விலை பேச மாட்டார். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. கீழ்த்தாடையில் மட்டும் எட்டு. பால்பற்கள் ஜோடி ஜோடியாக விழுந்து பெரிய பற்கள் முளைக்கும். இரண்டு பல் என்றால் ஏறக்குறைய இரண்டு வயது. எட்டும் முளைத்துவிட்டால் நாலு வயதை ஒட்டியது அல்லது தாண்டியது. மாட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது, ஆகவே பல்தான் சான்றிதழ்.

இதே வேலையை மனிதக் குழந்தைகளுக்கும் செய்திருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? சந்தையில் இல்லை, மில் வாசலில். அதுவும் குழந்தைகளை விலைக்கு வாங்க அல்ல, அவர்களைக் காப்பாற்ற! இங்கிலாந்தின் பருத்தி மில்களில் தொடங்கி திருப்பூர் பனியன் கம்பெனிகள் வரை நீளும் அந்தக் கதையைத்தான் இந்தக் கட்டுரை சொல்கிறது.

வாய்க்குள் ஒரு காலண்டர்

முதலில் பல் முளைக்கும் கணக்கைத் தெரிந்துகொள்வோம். கதை முழுவதும் இந்தக் கணக்கின் மேல்தான் ஓடப்போகிறது.

குழந்தைக்கு ஆறு மாதம் வாக்கில் கீழ்வரிசையின் நடுவில் முதல் பல் எட்டிப் பார்க்கும். இரண்டரை, மூன்று வயதுக்குள் 20 பால்பற்களும் வந்துவிடும். பிறகு சில வருடங்கள் வாய் அமைதியாக இருக்கும்.

ஆறு வயதில் இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. முன்பல் ஆடத் தொடங்கும். விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து கூரை மேல் எறிவது எல்லாம் இந்தக் காலத்தில்தான். இன்னொன்று யாருக்கும் தெரியாமல் நடக்கும். கடைசிப் பால்பல்லுக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, புதிதாக ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். நிரந்தரப் பற்களில் முதல் கடைவாய்ப்பல் இதுதான். பல பெற்றோர்கள் இதையும் பால்பல் என்று நினைத்துச் சொத்தையாக விட்டுவிடுகிறார்கள்!

ஏழு எட்டு வயதில் நடு வெட்டுப்பற்கள், எட்டு ஒன்பதில் அவற்றுக்குப் பக்கத்துப் பற்கள். பத்து முதல் பன்னிரண்டுக்குள் கோரைப்பற்களும் சிறிய கடைவாய்ப்பற்களும். பன்னிரண்டு வயது வாக்கில் இரண்டாவது பெரிய கடைவாய்ப்பல். அத்துடன் வாயில் 28 பற்கள். மிச்சம் நாலு ஞானப்பற்கள். அவை 17 வயதுக்கு மேல்தான் வரும், 25ஐத் தாண்டியும் வரலாம், வராமலே போகலாம். பொதுவாகப் பையன்களை விடப் பெண் குழந்தைகளுக்குச் சில மாதங்கள் முந்தி முளைக்கும்.

ஆறு, ஒன்பது, பன்னிரண்டு... இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1833: சட்டம் வந்தது, சான்று இல்லை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பருத்தி மில்களில் ஆறு ஏழு வயதுக் குழந்தைகள்கூட வேலை செய்தார்கள். அறுந்த நூலை முடிச்சுப் போடவும், ஓடும் இயந்திரத்தின் அடியில் புகுந்து பஞ்சு பொறுக்கவும் சின்ன விரல்களும் சின்ன உடம்பும் தேவைப்பட்டன.

1833ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. பட்டு மில் தவிர்த்த நெசவு மில்களில் 9 வயதுக்குக் கீழ் யாரையும் சேர்க்கக் கூடாது. 9 முதல் 13 வரை உள்ளவர்களுக்கு நாளைக்கு 9 மணி நேரம்தான் வேலை. மேற்பார்வைக்கு அரசாங்க இன்ஸ்பெக்டர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு குழந்தைக்கு 9 வயது ஆகிவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இங்கிலாந்தில் அரசாங்கப் பிறப்புப் பதிவு 1837 ஜூலையில்தான் ஆரம்பித்தது! அதாவது வயதை வைத்துச் சட்டம் போட்டபோது நாட்டில் வயதுக்கான பதிவேடே இல்லை. ஒன்பது வயதுக் குழந்தைக்கு உரிய சாதாரண பலமும் தோற்றமும் இருக்கிறது என்று ஒரு மருத்துவர் எழுதிக் கொடுத்தால் போதும் என்று வைத்தார்கள். வீட்டில் பசி. மில்லில் ஆள் தேவை. அப்பா அம்மா "ஒன்பது ஆச்சு" என்பார்கள், முதலாளி தலையாட்டுவார், மருத்துவர் கையெழுத்துப் போடுவார்.

இன்ஸ்பெக்டர்களில் ஒருவரான லியோனார்ட் ஹார்னர் உயரத்தை அளக்கலாம் என்றார். ஆயிரக்கணக்கான குழந்தைகளை அளக்கவும் வைத்தார். இதில் ஒரு சிக்கல். உயரம் சாப்பாட்டைப் பொறுத்தது, பரம்பரையைப் பொறுத்தது. நெட்டையாகப் பிறந்த எட்டு வயதுப் பையன் மில்லுக்குள் போய்விடுவான்.

அப்போதுதான் எட்வின் சாண்டர்ஸ் என்ற இளம் பல் மருத்துவர் வந்தார். 1837ல் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு எழுதிய ஒரு சிறு புத்தகத்தில், தொழிற்சாலைக் குழந்தைகளின் வயதுக்குப் பல்தான் சரியான சோதனை என்று வாதாடினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் வாயைப் பார்த்துக் கணக்கெடுத்திருந்தார். 9 வயதுக்கும் 13 வயதுக்கும் எந்தெந்தப் பல் இருக்க வேண்டும் என்று பட்டியல் போட்டார். பெரும்பாலான குழந்தைகளுக்குப் பல் சொன்ன வயதும் உண்மை வயதும் ஒத்துப்போயின. பசியும் நோயும் உயரத்தைக் குறைக்கிற அளவுக்குப் பல்லின் கணக்கைக் குழப்புவதில்லை என்பது அவருடைய முக்கியமான வாதம். பல்லின் வளர்ச்சி எலும்பின் வளர்ச்சியை விடப் பட்டினியைத் தாங்கும் என்பதை இன்றைய ஆராய்ச்சியும் ஒப்புக்கொள்கிறது. இந்தச் சாண்டர்ஸ் பிற்காலத்தில் விக்டோரியா மகாராணிக்கே பல் மருத்துவர் ஆகி 'சர்' பட்டமும் வாங்கினார்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாண்டர்ஸின் சோதனை ஓரளவு வேலை செய்ததற்கு ஒரு காரணம், சட்டம் கேட்ட வயதும் பல் முளைக்கும் வயதும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததுதான். ஒன்பதில் முன்பற்கள், பதின்மூன்றுக்குள் இரண்டாம் கடைவாய்ப்பல். சட்டம் கேட்ட கேள்விக்குப் பல்லிடம் பதில் இருந்தது.

கடல் தாண்டி வந்த சட்டம்

இந்தியாவில் மில்கள் பெருகியதும் இங்கேயும் அதே கதை. 1881ல் முதல் இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. 7 வயதுக்குக் கீழ் வேலை கூடாது. 7 முதல் 12 வரை நாளைக்கு 9 மணி நேரம். ஆம், ஏழு வயது! முன்பல் விழுந்த பொக்கை வாயோடு ஒரு குழந்தை சட்டப்படி மில்லுக்குப் போகலாம். அதுவும் இந்தச் சட்டம் 100 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் பெரிய ஆலைகளுக்கு மட்டும்தான்.

1891ல் அந்த வயது 9 ஆனது. 1922ல் 12 ஆனது. சுதந்திரத்துக்குப் பிறகு 1948ன் தொழிற்சாலைச் சட்டம் 14 என்றது. அரசியல் சட்டத்தின் 24ஆம் பிரிவும் 14 என்றே சொன்னது.

7, 9, 12, 14. ஏணிப்படி மாதிரி ஏறியிருக்கிறது. ஒவ்வொரு படிக்குப் பின்னாலும் போராட்டமும் விவாதமும் உண்டு. ஆனால் வயதை எப்படித் தெரிந்துகொள்வது என்ற கேள்வி மட்டும் அப்படியே நின்றது. பெரும்பாலான கிராமங்களில் பிறப்பைப் பதியும் பழக்கமே இல்லை. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969ல் தான் வந்தது. ஆகவே இங்கேயும் மருத்துவர் சான்றிதழ்தான். 1920ல் முதல் பதிப்பு வந்த ஜெய்சிங் மோடியின் சட்ட மருத்துவ நூலைத் தலைமுறை தலைமுறையாக இந்திய மருத்துவ மாணவர்கள் படித்தார்கள். எந்த வயதில் எந்தப் பல் என்ற அட்டவணை அதில் உண்டு.

பனியன் ஊர்

திருப்பூரில் 1920களில் பனியன் தொழில் தொடங்கியது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் கோவை வட்டாரம் முழுக்க மில்கள் முளைத்தன. 1970களின் கடைசியில் ஏற்றுமதி சூடு பிடித்தது. 80களிலும் 90களிலும் ஊர் அசுர வேகத்தில் வளர்ந்தது.

ஒரு பனியன் முழுவதும் ஒரே கூரையின் கீழ் உருவாவதில்லை. நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், கட்டிங், தையல், செக்கிங், அயர்ன் என்று வேலை பிரிந்து பிரிந்து சின்னச் சின்ன யூனிட்டுகளுக்குப் போகும். அன்றைய தொழிற்சாலைச் சட்டம் மின்சாரம் உள்ள இடத்தில் 10 பேர் இருந்தால்தான் பொருந்தியது. எட்டுப் பேர் இருக்கும் தகரக் கூரைக்கு எந்த இன்ஸ்பெக்டர் வருவார்?

அங்கேதான் குழந்தைகள் இருந்தார்கள். டெய்லருக்குத் துணியை மடித்துக் கொடுப்பது, தைத்த பீஸை எடுத்து அடுக்குவது, பிசிறு வெட்டுவது. கற்றுக்கொள்ள ஒரு நாள் போதும். ஷிப்ட் கணக்கில் கூலி. ஏற்றுமதி அவசரம் என்றால் ஒன்றரை ஷிப்ட், பன்னிரண்டு மணி நேரம்.

1986ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. தடை செய்த வேலைகளின் முதல் பட்டியலிலேயே துணி அச்சிடுதல், சாயமிடுதல், நெய்தல் மூன்றும் இருந்தன. தைப்பதும் மடிப்பதும் அதில் இல்லை! சட்டத்தின் 10ஆம் பிரிவு இன்னும் சுவாரசியமானது. குழந்தையின் வயதைப் பற்றி இன்ஸ்பெக்டருக்கும் முதலாளிக்கும் தகராறு வந்து, வயதுச் சான்றும் இல்லை என்றால், அரசு குறிப்பிடும் மருத்துவ அதிகாரியிடம் அனுப்பி முடிவு செய்ய வேண்டும். 1996 டிசம்பரில் சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தடை செய்த வேலையில் குழந்தையை வைத்திருந்தால் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்ட வேண்டும். இப்போது 13ஆ 14ஆ என்பது 20,000 ரூபாய்க் கேள்வி ஆகிவிட்டது. வெளிநாட்டு வாங்குபவர்களும் வயதுச் சான்று கேட்க ஆரம்பித்தார்கள்.

மறுபடியும் வாயைத் திற என்ற காலம்!

பேசாத வருடங்கள்

ஆனால் இந்த முறை பல்லிடம் பதில் இல்லை. அந்தக் காலண்டரை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டில் இரண்டாம் கடைவாய்ப்பல். அடுத்தது ஞானப்பல், 17க்கு மேல். நடுவில்? ஒன்றும் இல்லை. சட்டம் கேட்கும் 14 வயது சரியாக அந்த மௌனத்துக்குள் விழுகிறது.

28 பற்கள் உள்ள ஒரு சிறுமிக்கு 12 வயதும் இருக்கலாம், 16 வயதும் இருக்கலாம். 28 பல்லையும் எண்ணிவிட்டு "14 முடிந்தது" என்று எழுதினால் அது மருத்துவம் இல்லை, யூகம். இரண்டாம் கடைவாய்ப்பல் முளைக்கவில்லை என்றால் பெரும்பாலும் சிறு குழந்தை என்று சொல்லலாம். முளைத்துவிட்டது என்பதால் பெரியவள் என்று சொல்ல முடியாது. இந்த வித்தியாசம் மிக முக்கியம். 9 வயதுச் சட்டத்தில் குழந்தையைக் காப்பாற்றிய பல், 14 வயதுச் சட்டத்தில் அவளைக் காட்டிக் கொடுக்கக்கூடும்.

எக்ஸ்ரே இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பல் வெளியே முளைத்த பிறகும் ஈறுக்குள் அதன் வேர் வளர்ந்துகொண்டே இருக்கும். வேரின் நுனி மூட இரண்டு மூன்று வருடங்கள் ஆகும். ஆகவே வெளியே மௌனமான வருடங்களில் உள்ளே வளர்ச்சி தெரியும். 1973ல் டெமிர்ஜியனும் உடன் ஆய்வாளர்களும் கீழ்த்தாடையின் இடப்பக்கத்து ஏழு பற்களை எக்ஸ்ரேயில் பார்த்து, ஒவ்வொன்றின் வளர்ச்சியையும் எட்டுப் படிகளாகப் பிரித்து மதிப்பெண் போடும் முறையைக் கொண்டுவந்தார்கள். உலகம் முழுக்கப் புகழ் பெற்ற முறை இது.

ஆனால் அந்த மதிப்பெண்கள் பிரெஞ்சு-கனடியக் குழந்தைகளை வைத்துப் போடப்பட்டவை. தென்னிந்தியக் குழந்தைகளுக்குப் பொருந்துமா என்று கோஷி, டண்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சோதித்து 1998ல் வெளியிட்டார்கள். முடிவு? பையன்களுக்கு உண்மை வயதை விடச் சராசரியாக 3 வருடம் கூடுதலாகவும், பெண்களுக்கு ஏறக்குறைய 2.8 வருடம் கூடுதலாகவும் காட்டியது! பின்னால் இந்தியாவில் வேறு இடங்களில் நடந்த சில ஆய்வுகளில் வித்தியாசம் இதைவிடக் குறைவாக வந்தது. 2011ல் ஆசார்யா என்ற ஆய்வாளர் இந்தியர்களுக்கென்றே தனிச் சூத்திரமும் வெளியிட்டார். ஆனாலும் பாடம் ஒன்றுதான். யாருடைய குழந்தைகளை வைத்து அட்டவணை போட்டார்கள் என்று கேட்காமல் அட்டவணையை நம்பக் கூடாது.

3 வருடம் என்பது ஆய்வுக் கட்டுரையில் ஒரு சின்ன எண். தையல் மேசையில் அது என்ன? 11 வயதுப் பையன் 14 வயது ஆகிவிடுகிறான். ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு... மூன்றும் போய்விடுகின்றன.

எலும்பை வைத்துச் சொல்லும் வயதும் இப்படித்தான். 1982ல் ஜெயமாலா வழக்கில் உச்ச நீதிமன்றமே, எக்ஸ்ரே மூலம் சொல்லும் வயதில் முன்னும் பின்னும் இரண்டு வருடம் தவறு இருக்கலாம் என்று சொன்னது.

காதைத் தொட்ட கை

அப்படியானால் காகிதம்தான் நல்லதா? காகிதத்தின் கதையும் கொஞ்சம் வேடிக்கையானது. முந்தின தலைமுறையில் பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் என்ன செய்வார்? "வலது கையைத் தலைக்கு மேல சுத்தி இடது காதைத் தொடு" என்பார். தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது. பிறந்த தேதி? பள்ளி திறக்கும் ஜூனுக்குக் கணக்குச் சரியாக வரும்படி ஒரு தேதி எழுதுவார். நம் தாத்தா பாட்டிகளில் பலர் மே, ஜூன் மாதங்களில் பிறந்ததன் ரகசியம் இதுதான்! அதாவது பள்ளிச் சான்றிதழும் பழைய காலத்தில் உடம்பை அளந்து எழுதியதுதான்.

இருந்தாலும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பள்ளியில் அளந்தது குழந்தையை உள்ளே சேர்க்க. கம்பெனியில் அளப்பதும் உள்ளே சேர்க்கத்தான், ஆனால் வேறு இடத்துக்குள். மேலும் ஐந்து வயதில் எழுதிய தேதியில் ஒரு வருடம் தவறலாம். யாருக்கும் அப்போது லாபம் இல்லாததால் அது பெரும்பாலும் நேர்மையான தவறு. வேலை வாசலில் சொல்லும் வயதில் பலருக்கு லாபம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 1956ல் காமராஜர் காலத்து மதிய உணவும், 1982ல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவும் ஏழைக் குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்தன. சாப்பாட்டோடு சேர்ந்து இன்னொன்றும் கிடைத்தது. பதிவேட்டில் ஒரு பெயர், ஒரு தேதி. 2015ன் சிறார் நீதிச் சட்டம் இதே வரிசையைத்தான் சொல்கிறது. முதலில் பள்ளிச் சான்றிதழ், பிறகு உள்ளாட்சி தரும் பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லை என்றால் மட்டும் மருத்துவச் சோதனை. பல்லும் எலும்பும் கடைசிப் பெஞ்சுக்குப் போய்விட்டன.

சந்தேகம் யாருக்குச் சாதகம்?

2016ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டது. 14க்குக் கீழ் எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கக் கூடாது. பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. 14 முதல் 18 வரை உள்ளவர்களை ஆபத்தான வேலைகளில் சேர்க்கக் கூடாது. 2023ன் பிறப்புப் பதிவுத் திருத்தப்படி, அந்த வருடம் அக்டோபர் முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கான ஆவணம்.

ஆனால் இன்று திருப்பூருக்கு ரயிலில் வந்து இறங்கும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகள் அதற்கு முன்பே பிறந்தவர்கள். பலரிடம் கையில் இருப்பது ஆதார் அட்டை மட்டும். பிறந்த தேதிக்கு ஆதார் சான்று ஆகாது என்று 2024ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே "வயது என்ன?" என்ற கேள்வி இன்னும் வாசலில்தான் நிற்கிறது.

சிறார் வழக்குகளில் வயது எல்லைக்கோட்டில் இருந்தால் சந்தேகத்தின் பலனைப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. அதே நியாயம் பனியன் கம்பெனி வாசலுக்கும் பொருந்த வேண்டாமா? பல் 12 முதல் 16 என்று சொன்னால், அதை 12 என்று படிப்பதா 16 என்று படிப்பதா? அதை மருத்துவப் புத்தகம் சொல்லாது. படிக்கிற மனிதர்தான் சொல்ல வேண்டும்.

சாண்டர்ஸ் 1837ல் குழந்தைகளின் வாயைத் திறந்து பார்த்தது அவர்களை மில்லுக்கு வெளியே நிறுத்த. அந்த நோக்கத்தை விட்டுவிட்டு அட்டவணையை மட்டும் எடுத்துக்கொண்டால், அதற்கும் மாட்டுச் சந்தைக்கும் வித்தியாசம் இல்லை.